மஞ்சள் வேண்டாம்

இரவு எட்டு முதல் பதினொன்று வரை
கருவி என் பெயரில்.
மணிக்குத் தொண்ணூறு ரிங்கிட்.
பதிவேட்டில் எனக்கு முன்னால் சியூ லிங்,
எனக்குப் பின்னால் யாருமில்லை.

கதவில் 'அவாஸ், லேசர்' என்றொரு தாள்,
ஒரு மூலை பெயர்ந்து
ஏர்கோன் காற்றுக்குத் தலையாட்டுகிறது.
மேசை காற்றின்மேல் மிதக்கிறது.
ஜெலுத்தோங் சாலையில் லாரி போனாலும்
செல்லுக்குள் நிலம் நடுங்கும், அதற்காக.

கண்ணாடியில் இருப்பது
யாரோ ஒரு பெண்ணின் மார்புக் கட்டி,
தாள் கனத்தில் ஒரு சீவல்.
பெயர் தரமாட்டார்கள். பி-நாற்பத்தேழு.
பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம்
தனசேகர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட்டார்:
"இதுக்கு உசுரு இருக்கா மிஸ்?"
இருக்கு, நாளை சாயங்காலம் வரைக்கும்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப வெயில்ல நின்னது தப்பு.
கிரீன் லேன் லைட்டுல, மூணு நிமிசம்."

நான் உள்ளே அனுப்பியிருப்பது
எண்பது நானோமீட்டர் உருண்டைகள்.
ஒரு தலைமுடியின் குறுக்கே
ஆயிரம் பேர் தோளுரசி நிற்கலாம்.
கொழுப்பால் ஆன தோல், உள்ளே மருந்து,
மருந்தின் முதுகில் ஒரு பச்சைச் சாயம்.
திரையில் தெரியும் புள்ளி
உருண்டையைவிட மூன்று மடங்கு பெரிது.
வெளிச்சத்துக்கு அவ்வளவுதான் கை மெலியும்.

செல்லின் கரு நீலம்.
வந்ததையெல்லாம் அரைத்துத் தின்னும்
அமிலக் குழிகள் சிவப்பு.
சிவப்பின்மேல் பச்சை விழுந்தால் மஞ்சள்.
கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலைக்கும்
மஞ்சள் தடவிய கை இது.
இங்கே உட்கார்ந்து
மஞ்சள் வேண்டாம் வேண்டாம் என்கிறது.

எட்டு நாற்பது. பச்சை, செல்லின் விளிம்பில்.
ஃபெரி பட்டர்வொர்த்தைத் தொட்டால் ஆயிற்றா,
ஆள் இறங்க வேண்டும்.
ஒன்பது பத்து. உள்ளே.
நாற்காலியில் நிமிர்ந்தேன்.
ஒன்பது ஐம்பது.
மஞ்சள்.
அடுத்த செல்லில் மஞ்சள்.
அதற்கடுத்ததில், கேட்கவே வேண்டாம்.

லேசர் தொடும் ஒவ்வொரு முறையும்
சாயம் கொஞ்சம் சாகிறது.
ஆசைக்குப் பார்க்க முடியாது.
அரை நிமிடத்துக்கு ஒரு படம்,
மீதி நேரம் இருட்டு.
சன்னலை மூடிய கறுப்புத் தாளில்
ஊசி அளவு ஓட்டை ஒன்று.
அதன் வழியே பாலத்து விளக்கு ஒன்று
யாரும் கேட்காமல் உள்ளே வந்திருந்தது.

பத்து முப்பத்து நான்கு.
கீழே, இடது ஓரம், ஒரே ஒரு செல்.
பச்சை புள்ளியாக இல்லை.
கோப்பியில் பால் விட்டதும் விரியுமே, அப்படி,
செல் முழுக்க.
சிவப்பு தன் இடத்தில், தனியே.
கூப்பிட்டுக் காட்ட
அந்த மாடியில் காவலாளிகூட இல்லை.

ஒரு படத்துக்குள் அந்தச் சந்தோசம் பாதியானது.
சாயம் மட்டும் கழன்று வந்திருக்கலாம்.
மருந்து இன்னும் குழியிலேயே
கரைந்துகொண்டிருக்கலாம்.
மூன்று மணி நேரமாக நான் பார்த்தது மருந்தை அல்ல,
அதன் முதுகில் கட்டிவிட்ட விளக்கை.
விளக்கு தெருவுக்கு வந்துவிட்டது.
பிடித்திருந்தவர் எங்கே?

பதிவேட்டில் எழுதினேன்:
இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. சந்தேகம். மறுபடி.
பி-நாற்பத்தேழு என்ற பெண்
இந்நேரம் எந்த வார்டில்
எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறாளோ,
அவளுக்கு இந்த வரியால் ஒன்றும் ஆகப்போவதில்லை.
தெரிந்தேதான் தேதியும் நேரமும் போட்டேன்.

வெளியே மழை விட்டிருந்தது.
நாளை பி-நாற்பத்தெட்டு வரும்.
படியில் நின்று தனசேகருக்குத் தட்டினேன்:
லைட் சிவந்தால்
மசூதி ஓரம் மரத்தடியில் நில்லுங்கள்.
போனில் ஒரு டிக் விழுந்தது.
இரண்டாவது டிக்குக்காக
கார் கதவைத் திறக்காமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.